புரோமைடு, புரோமின், மறுபடி புரோமைடு: பாய்வு பேட்டரிக்கு முதல் கலம் கட்டுவது எப்படி

ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்துவிட்டால் கஞ்சிக்கோட்டிலிருந்து உடுமலை வரை காற்றாலைகள் ஓயாமல் சுற்றும். ஐப்பசியில் பாதி நேரம் சும்மா நிற்கும். ஆடி மின்சாரத்தை ஐப்பசிக்குச் சேர்த்து வைப்பது எந்த பேட்டரிக்கும் கட்டுப்படியாகாது. பகலில் கிடைத்ததை ராத்திரி எட்டு மணிக்குத் திருப்பிக் கொடுப்பதுதான் பேட்டரியின் வேலை. பாய்வு பேட்டரியில் ஆற்றல் தொட்டியிலுள்ள திரவத்தில் இருக்கிறது. கலம் அதை மின்சாரமாக மாற்றித் தருகிறது. கூடுதல் மணி நேரம் வேண்டுமென்றால் தொட்டியைப் பெரிதாக்கலாம் என்பார்கள். நாம் இங்கே கட்டப்போகும் துத்தநாகம், புரோமின் சோடியில் இது பாதிதான் உண்மை, ஏனென்றால் துத்தநாகம் கலத்துக்குள்ளேயே தகட்டில் படிகிறது. தொட்டிக்குப் போய் வருவது புரோமின் மட்டுமே.

இந்தச் சோடிக்கு அமெரிக்காவில் 1885-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள். பிறகு ஏன் இது வீட்டுக்கு வீடு வரவில்லை? புரோமைடு உப்பை ஆக்ஸிஜனேற்றிப் புரோமினாக்குவது சுலபம். உண்டான புரோமினை ஓரிடத்தில் கட்டி வைப்பதுதான் கடினம். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்தக் கட்டி வைக்கும் வேலையையே சுற்றி வரும்.

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர் பக்கத்துப் பள்ளி, பாலிடெக்னிக் ஆய்வகங்களில் வேதியியல் ஆசிரியர் அருகில் இருக்க, இந்தச் சிறு கலத்தைச் செய்து பார்க்கலாம். வீட்டுச் சமையலறையில் வேண்டாம்.

கலத்துக்குள் நடப்பது

நேர்மின்வாயில் இரண்டு புரோமைடு அயனிகள் ஆளுக்கொரு எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு ஒரு புரோமின் மூலக்கூறாகச் சேர்கின்றன. இதன் திட்ட மின்னழுத்தம் ஏறக்குறைய 1.09 வோல்ட். கரைசலில் புரோமைடு நிறைய இருந்தால் புரோமின் தனியாக நிற்காது. ஒரு புரோமைடோடு ஒட்டிக்கொண்டு டிரைபுரோமைடு ஆகிவிடும். அந்தச் சமநிலை மாறிலி சுமார் 16. அதாவது 3 மோலார் (லிட்டருக்கு 3 மோல்) புரோமைடு உள்ள கரைசலில் உண்டாகும் புரோமினில் 98 சதவீதம் டிரைபுரோமைடாக அடங்கியிருக்கும், ஆவியாகிப் போகத் துடிப்பது மிச்சம் 2 சதவீதம்தான். அதனால் கரைசலில் புரோமைடைத் தாராளமாக வைக்க வேண்டும். சிக்கனம் பார்த்து 0.5 மோலாரில் செய்தால் காசு மிச்சமாகும், மூக்கு எரியும்.

எதிர்மின்வாயில் துத்தநாக அயனி உலோகமாகப் படிகிறது, மைனஸ் 0.76 வோல்ட்டில். கலத்தின் திறந்த சுற்று மின்னழுத்தம் புத்தகத்தில் 1.8 வோல்ட்டுக்குச் சற்று மேல் என்றிருக்கும். புரோமைடு அதிகமாகவும் புரோமின் குறைவாகவும் இருக்கும் நம் கலத்தில் 1.7-ஐ ஒட்டித்தான் வரும். மீட்டர் பழுது என்று நினைத்துவிட வேண்டாம்.

எதிர்மின்வாயில் ஏன் துத்தநாகம்? வெறும் சோடியம் புரோமைடைக் கரைத்து இரண்டு கார்பன் குச்சியைப் போட்டாலும் மஞ்சள் நிறம் வருமே என்று எல்லோருக்கும் தோன்றும். வரும், ஆனால் அந்தக் கரைசல் பேட்டரிக்கு ஆகாது. எதிர்மின்வாயில் ஹைட்ரஜன் கிளம்பும்போது கரைசல் காரமாகிறது. காரத்தில் புரோமின் ஹைபோபுரோமைட்டாகி, பிறகு புரோமேட்டாகி விடும். புரோமேட் சுலபத்தில் திரும்பி வராது, அது நச்சும்கூட. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வரம்பு வைத்திருக்கிறது. எனவே கரைசலின் பிஹெச் 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். இதற்குக் கீழே போனால் அமிலம் துத்தநாகத்தைத் தின்னும், 5-ஐத் தாண்டினால் வெள்ளையாகத் துத்தநாக ஹைட்ராக்சைடு படியும்.

தண்ணீரும் ஆக்ஸிஜனேற்றம் அடையுமே என்று கேட்கலாம். கணக்குப்படி பிஹெச் 2-ல் அதற்கு 1.11 வோல்ட் போதும். ஆனால் கார்பன் மேல் ஆக்ஸிஜன் கிளம்ப அதைவிட வெகுவாகக் கூடுதல் அழுத்தம் தேவை, புரோமைடுக்கோ அந்தத் தடை மிகக் குறைவு. புரோமைடு தீரும் நிலை வந்தால்தான் ஆக்ஸிஜன் தலைகாட்டும். அப்போது கார்பனும் அரிபட்டுக் கருப்புத் தூளாக உதிரும்.

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது?

புரோமின் ஆவி காற்றைவிட ஐந்தரை மடங்கு கனம். மேலே போகாது, தரையோடு தவழும். எட்டு மணி நேர வேலைக்கு அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு வரம்பு பத்து லட்சத்தில் 0.1 பங்கு, 3 பங்கு என்றால் உடனடி ஆபத்து. இந்தக் கலத்தில் மொத்தமாக உண்டாகப் போவது 0.6 கிராம்தான். ஆனால் மூடிய அறையில் அதுவே அதிகம்.

நான்கு பக்கமும் திறந்த கொட்டகையே நல்லது. காற்று வரும் பக்கத்தில் நில்லுங்கள். ஆனி, ஆடி, ஆவணியில் அது மேற்கு. மார்கழி, தையில் கணவாய்க் காற்று திசை மாறிக் கிழக்கிலிருந்து அடிக்கும். போன முறை நின்ற இடத்திலேயே இந்த முறையும் நிற்பது தப்பு. பங்குனி, சித்திரையில் நண்பகலில் செய்ய வேண்டாம். புரோமின் 58.8 டிகிரியில் கொதிப்பது. 40 டிகிரி வெயிலில் தகரக் கூரைக்கடியில் அது எவ்வளவு ஆவியாகும் என்பதை யோசித்துக் கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்குள் முடித்துவிடலாம்.

கண்ணை முழுதும் மூடும் கண்ணாடி, இரட்டை நைட்ரைல் கையுறை கட்டாயம். மெல்லிய நைட்ரைல் புரோமினை வெகுநேரம் தாங்காது, பட்டதும் கழற்றி எறிய வேண்டும். வேலை தொடங்கும் முன்பே ஒரு பிளாஸ்டிக் பேசினில் ஹைப்போ கரைசல் தயாராக இருக்கட்டும்: 1 லிட்டர் தண்ணீரில் 50 கிராம் ஹைப்போவும், அதாவது சோடியம் தயோசல்ஃபேட்டும், 50 கிராம் சமையல் சோடாவும். ஹைப்போ புரோமினைப் புரோமைடாக்கும்போது நிறைய அமிலம் உண்டாகிறது. சோடா இல்லாவிட்டால் அந்த அமிலம் ஹைப்போவையே உடைத்துக் கந்தக நாற்றம் கிளப்பும். மேலே சொன்ன அளவு நம் 0.6 கிராமைப் பல மடங்கு சமாளிக்கும். இது மேசைக்கும் பாத்திரத்துக்கும் மட்டுமே. தோலிலோ கண்ணிலோ பட்டால் ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேராக மருத்துவமனைக்கு.

ஒரு ஆறுதல்: திரவப் புரோமின் வாங்கவே வேண்டாம். உப்பிலிருந்து வேண்டிய அளவு உண்டாக்கி, வேலை முடிந்ததும் உப்பாகவே திருப்பிவிடுகிறோம். புரோமின் பாட்டில் வாங்கிக் கலக்குங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பொருட்கள்

நேர்மின்வாய்க்கு வெல்டிங் கடையில் கிடைக்கும் 8 மில்லிமீட்டர் கவுஜிங் ராடு, அதாவது கார்பன் குச்சி. அதன் மேல் செம்பு பூசியிருக்கும். அரம் போட்டுச் சுரண்டிவிட்டு, மிச்சச் செம்பு கரையும்வரை ஃபெரிக் குளோரைடில் ஊற வைத்து, நன்றாகக் கழுவுங்கள். கொஞ்சம் செம்பு ஒட்டியிருந்தாலும் அது கரைந்து மறுபக்கம் போய்த் துத்தநாகத்தின் மேல் படிந்து, அங்கே ஹைட்ரஜன் குமிழியைக் கிளப்பிக்கொண்டே இருக்கும். பென்சில் கரியில் களிமண் கலந்திருப்பதால் மின்தடை அதிகம், வேண்டாம்.

எதிர்மின்வாய்க்கு 2 சென்டிமீட்டர் அகலத் துத்தநாகத் தகடு. ஜிங்க் பூசிய கூரைத் தகரம் உதவாது, உள்ளே இருப்பது இரும்பு.

இரண்டையும் பிரிக்கும் சுவருக்கு, குயவரிடம் சொல்லி மெருகு போடாமல் சுட்ட சிறு மண் குவளை வாங்கலாம்: வெளி விட்டம் 4 சென்டிமீட்டர், உயரம் 7, சுவர் 3 மில்லிமீட்டர். செம்மண்ணில் இரும்பு இருக்கும். அதனால் ஒரு பங்கு பேட்டரி ஆசிடை ஐந்து பங்கு தண்ணீரில் ஊற்றி (தண்ணீரை ஆசிடில் ஊற்றக் கூடாது), குவளையை ஒரு நாள் ஊறப் போட்டு, பல தண்ணீர் மாற்றிக் கழுவ வேண்டும். இதைவிட நல்லது, லாரி பேட்டரிக்குள் தகடுகளுக்கு நடுவே வைக்கும் புதிய பாலிஎதிலீன் செபரேட்டர். தொழிற்சாலைக் கலங்களிலும் இந்த வகைதான் பயன்பட்டது. ஆனால் அதைக் கசியாமல் இறுக்கிக் கட்ட சட்டம் வேண்டும், அதைப் பாய்வு கலத்துக்கு வைத்துக் கொள்ளலாம்.

மற்றவை: உள்விட்டம் 7 சென்டிமீட்டர் உள்ள வாயகன்ற கண்ணாடி ஜாடி, பாலிபுரோப்பிலீன் மூடி, டெஃப்லான் டேப், டெஃப்லான் பூசிய காந்தக் கலக்கி, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பவர் சப்ளை, மல்டிமீட்டர், ஒரு ஷாட்கி டயோடு, 15 ஓம் 1 வாட் ரெசிஸ்டர். ரப்பர் கார்க் வைக்காதீர்கள். புரோமின் இயற்கை ரப்பரைத் தின்றுவிடும். அக்ரிலிக் வெடிப்பு விடும். சிலிக்கான் குழாய் வழியே புரோமின் ஊடுருவி வெளியே வரும். செம்பு, பித்தளை, அலுமினியம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எதுவும் கரைசலையோ ஆவியையோ தொடக் கூடாது. முதலைக் கிளிப் மூடிக்கு மேலே நன்றாகத் தள்ளி இருக்கட்டும்.

தண்ணீர் விஷயத்தில் கெடுபிடியாக இருங்கள். சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதிப் போர்வெல் தண்ணீர் கடினநீர். அதிலுள்ள பைகார்பனேட் பிஹெச்சை ஏற்றிவிடும். பேட்டரி கடை டிஸ்டில்டு வாட்டரே வேண்டும்.

கரைசல்

250 மில்லி தயாரிக்க 56.3 கிராம் ஜிங்க் புரோமைடு, 29.8 கிராம் பொட்டாசியம் புரோமைடு. 150 மில்லி தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்குங்கள், சூடாகும். ஆறிய பின் 250-க்கு நிரப்புங்கள். இதில் துத்தநாகம் 1 மோலார், புரோமைடு மொத்தம் 3 மோலார். பிறகு நீர்த்த அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு பிஹெச் தாளில் 2-க்கும் 3-க்கும் நடுவே கொண்டு வாருங்கள்.

ஜிங்க் புரோமைடு ஈரத்தைக் குடிக்கும். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை நாளில் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு எடை போட்டால் நீங்கள் எடை போடுவதில் பாதி மழைதான். திறந்த கையோடு எடை போட்டு மூடுங்கள். வயலுக்குப் போடும் ஜிங்க் சல்ஃபேட்டை வாங்கிப் பொட்டாசியம் புரோமைடோடு கலக்கலாமே என்ற யோசனை வரும். உர ஜிங்கில் இரும்பு போன்ற கலப்பு இருக்கும், பிறகு குமிழி ஏன் வருகிறது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டிவரும்.

பூட்டுதலும் சார்ஜும்

மண் குவளையை முதல் நாள் ராத்திரியே இந்தக் கரைசலில் ஊற வையுங்கள். காய்ந்த சுவரில் காற்று அடைத்திருந்தால் மின்தடை எகிறும். குவளையை மூடியிலிருந்து தொங்கவிடுங்கள், அடிக்கும் ஜாடித் தரைக்கும் 1 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும், கலக்கி அங்கேதான் சுற்றும். ஜாடியில் 150 மில்லி, குவளைக்குள் 35 மில்லி. உள்ளே துத்தநாகத் தகடு, வெளியே கார்பன் ராடு, 5 சென்டிமீட்டர் மூழ்கும்படி. புரோமினை வெளிப்பக்கம் வைப்பதற்குக் காரணம் உண்டு, நிறத்தைக் கண்ணால் பார்க்கலாம்.

மூடியில் இன்னொரு துளையில் ஒரு குழாயை விட்டு, முதலில் ஒரு காலி பாட்டிலுக்கும் அங்கிருந்து ஹைப்போ-சோடா பாட்டிலுக்கும் கொண்டு போங்கள். இரண்டாவது குழாயின் முனை ஹைப்போவுக்குள் மூழ்கியிருக்கட்டும். காலி பாட்டிலை விட்டுவிட்டால், ஜாடி குளிரும்போது ஹைப்போ பின்னோக்கி உறிஞ்சப்பட்டு, சேர்த்த புரோமின் எல்லாம் ஒரு நொடியில் நிறமிழந்து போகும்.

ராடின் மூழ்கிய பரப்பு சுமார் 12.5 சதுர சென்டிமீட்டர். 0.20 ஆம்பியர் வைத்தால் சதுர சென்டிமீட்டருக்கு 16 மில்லி ஆம்பியர், தொடக்கத்துக்குப் போதும். மின்னழுத்த வரம்பை 2.8 வோல்ட்டில் நிறுத்துங்கள். நேர் கம்பியில் ஷாட்கி டயோடைத் தொடராகப் போடுங்கள். சார்ஜின் நடுவே கரண்ட் போனால் கலம் பவர் சப்ளைக்குள் திரும்பிப் பாயாது. டயோடு சுமார் 0.3 வோல்ட்டைத் தின்னும் என்பதால் கலத்தின் முனைகளிலேயே மீட்டரை வைத்து அளக்க வேண்டும்.

கலக்கியை ஓட்டாமல் தொடங்கிப் பாருங்கள். சில நிமிடங்களில் ராடிலிருந்து மஞ்சள் இழை கீழ்நோக்கி வழியும், பிறகு ஆரஞ்சாகி, ஜாடியின் அடியில் சிவப்பாகத் தேங்கும். புரோமின் கரைசல் கனமானது. கலக்கியை ஓட்டினால் முழுதும் ஒரே நிறமாகிவிடும். கலத்தின் மின்னழுத்தம் 2.0 முதல் 2.4 வரை எங்காவது நிற்கும். ஒரு மணி நேரத்தில் நிறுத்துங்கள். கணக்கு: 0.2 ஆம்பியர் மணி என்பது 720 கூலும். கிடைக்க வேண்டியது 0.60 கிராம் புரோமின், மறுபக்கம் 0.24 கிராம் துத்தநாகம்.

டிஸ்சார்ஜ்

அடுத்து வரும் ‘புரோமின் கணக்கு’ பார்ப்பதாக இருந்தால் அதை முதலில் முடித்துக் கொள்ளுங்கள். பவர் சப்ளையைக் கழற்றிவிட்டு 15 ஓம் ரெசிஸ்டரைக் கோர்த்து, அதன் குறுக்கே மீட்டரை வையுங்கள். கலக்கி நிற்கட்டும். சில நிமிடங்களில் மின்னழுத்தம் சரியத் தொடங்கும். இப்போது கலக்கியை ஓட்டுங்கள், ஏறி வரும். பாய்வு பேட்டரிக்குப் பம்பு எதற்கு என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை கிடையாது. சார்ஜில் 3 மோலார் புரோமைடு ராடைச் சுற்றி நிரம்பியிருக்கிறது, பஞ்சமே இல்லை. டிஸ்சார்ஜில் தேவைப்படுவது புரோமின். அது வெறும் 0.025 மோலார். ராடின் தோலை ஒட்டி உள்ளது தீர்ந்ததும், புதிது வந்து சேரும் வேகத்துக்கு மேல் மின்னோட்டம் தர முடியாது. ராடைச் சுற்றிக் கிராஃபைட் ஃபெல்ட் (கார்பன் இழையாலான கம்பளி போன்ற துணி) துண்டைச் சுற்றினாலும் இதே முன்னேற்றம் தெரியும். புது ஃபெல்ட் தண்ணீரை ஏற்காது. உலையில் 400 டிகிரியில் காற்றுப்பட சில மணி நேரம் வைத்தெடுத்தால் நனையும்.

புரோமின் கணக்கு

உண்டாக வேண்டியதில் எவ்வளவு உண்மையில் இருக்கிறது? மீட்டர் இதைச் சொல்லாது, டைட்ரேஷன் சொல்லும். சார்ஜ் முடிந்ததும், டிஸ்சார்ஜுக்கு முன், இதைச் செய்யுங்கள். கூம்புக் குடுவையில் 20 மில்லி தண்ணீரில் 1 கிராம் பொட்டாசியம் அயோடைடைக் கரைத்து வையுங்கள். ஜாடியிலிருந்து 5 மில்லி எடுத்து, பைப்பெட்டின் முனையை அந்தக் கரைசலுக்கு அடியில் வைத்து விடுங்கள். வாயால் உறிஞ்சவே கூடாது. 0.05 மோலார் ஹைப்போவால் டைட்ரேட் செய்யுங்கள். 250 மில்லிக்கு 3.10 கிராம் ஹைப்போ படிகம். நிறம் வெளிர் மஞ்சளானதும் ஸ்டார்ச் விடுங்கள். ஆறிய தெளிந்த கஞ்சித் தண்ணீரே போதும். நீலம் மறையும் இடமே முடிவு.

எல்லாமே இருந்திருந்தால் 5.0 மில்லி ஹைப்போ செலவாகும். 4.5 என்றால் 90 சதவீதம். 4-க்குக் கீழே வந்தால் புரோமின் எங்கோ ஓடுகிறது. ஓடும் வழி மூன்றுதான்: மூடி வழியே ஆவியாக, மண் சுவர் வழியே துத்தநாகத்துக்கு, அல்லது பிஹெச் ஏறிப் புரோமேட்டாக. காலி பாட்டில் மஞ்சளாகியிருந்தால் முதலாவது, குவளைக்குள் மஞ்சள் தெரிந்தால் இரண்டாவது, பிஹெச் தாள் மாறியிருந்தால் மூன்றாவது.

கோளாறு வந்தால்

தொடங்கியதுமே மின்னழுத்தம் 2.8-ஐத் தொட்டு மின்னோட்டம் விழுந்தால் குவளை நன்றாக ஊறவில்லை, அல்லது கிளிப் ராடைச் சரியாகப் பிடிக்கவில்லை. துத்தநாகத்தில் விடாமல் குமிழி வந்தால் பிஹெச் தாழ்வு, அல்லது செம்போ இரும்போ கலந்திருக்கிறது. படிவு சாம்பல் நிறத்தில் சீராக இருப்பது நல்லது. கருப்பாகப் பஞ்சுபோல இருந்தால் மின்னோட்டம் அதிகம். ஊசி ஊசியாக வளர்ந்தால் நிறுத்திவிடுங்கள். மண் குவளையில் ஊசி சுவரைத் துளைக்காது, மெல்லிய செபரேட்டரைத் துளைத்துக் கலத்தை ஷார்ட் செய்துவிடும். அதனால்தான் இந்த வகைக் கலங்களை அவ்வப்போது கடைசி வரை டிஸ்சார்ஜ் செய்து துத்தநாகத்தை முழுதும் கரைத்துவிடுகிறார்கள். ராத்திரி சார்ஜ் செய்து வைத்தது காலையில் இறங்கியிருந்தால் அது கோளாறு அல்ல, மண் சுவருக்கு அவ்வளவுதான் சக்தி.

பம்புக்குப் போகும்போது

10 சதுர சென்டிமீட்டர் ஃபெல்ட் கலத்துக்கு நிமிடத்துக்கு 20 மில்லி ஓட்டம் போதும். 0.2 ஆம்பியருக்குத் தேவையான புரோமினைப்போல இது எட்டு மடங்கு. பெரிஸ்டால்டிக் பம்போடு (குழாயை நசுக்கித் திரவத்தைத் தள்ளும் பம்பு) வரும் சிலிக்கான் குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டு வைட்டான் வகைக் குழாய் மாட்டுங்கள். முதலில் வெறும் தண்ணீரை ஒரு நாள் முழுக்க ஓட்டி, செய்தித்தாள் மேல் வைத்துக் கசிவு பாருங்கள். பிறகு சார்ஜ் ஆகாத கரைசல். அதன் பிறகே மின்சாரம்.

தொழிற்சாலைக் கலங்களில் மெத்தில் எத்தில் பிரோலிடினியம் புரோமைடு போன்ற உப்பைச் சேர்ப்பார்கள். அது புரோமினைப் பிடித்துக் கனமான சிவப்பு எண்ணெயாகத் தொட்டியின் அடியில் இறக்கிவிடும், ஆவி வெகுவாகக் குறையும். அது கிடைக்கவில்லை என்று எளிதில் கிடைக்கும் டெட்ராபியூட்டைல் அம்மோனியம் புரோமைடைப் போட்டால் ஆரஞ்சு நிறத்தில் திடமாகப் படியும். ஜாடிக் கலத்துக்குப் பரவாயில்லை, பாயும் கலத்தில் குழாய் அடைத்துவிடும்.

கழிவு

கரைசலில் ஹைப்போ-சோடாவைச் சிறிது சிறிதாக விடுங்கள், நுரைக்கும். நிறம் போன பின் அயோடைடும் கஞ்சியும் தடவிய தாளில் ஒரு சொட்டு வையுங்கள். நீலம் வரக் கூடாது. பிறகு சலவை சோடாவைப் பிஹெச் 9 வரை சேர்த்தால் துத்தநாகம் வெள்ளைக் கார்பனேட்டாக இறங்கும். துணியில் வடித்து உலர்த்தி, பெயர் எழுதி, ஆய்வகக் கழிவோடு ஒப்படையுங்கள். மூலத்தறை வாய்க்காலிலோ வயல் வரப்பிலோ எதையும் கொட்ட வேண்டாம். வடிந்த தண்ணீரையும் ஆய்வகக் கழிவுநீர்த் தொட்டியிலேயே சேருங்கள். மண் குவளையில் புரோமின் ஊறியிருக்கும். அதை ஒரு ராத்திரி ஹைப்போவில் போட்டு வைத்தால் மறுநாள் கையால் எடுக்கலாம்.